மேரி டேலி மூடிய கதவு

மேரி டேலி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 1999 சமாச்சாரம்தான். ஆண் மாணவர்களை வகுப்பில் சேர்க்க மறுத்தார், பாஸ்டன் காலேஜை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. "பெண்ணியம்னா இதுதானே" என்பவர்களுக்கு வாகான உதாரணம்.

கொஞ்சம் பின்னால் போவோம். இறையியலில் உயர்ந்த பட்டம் பெற அமெரிக்காவில் பெண்ணுக்கு வழியில்லாததால் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் போய்ப் படித்தவர் டேலி. பாஸ்டன் காலேஜ் ஏசு சபையினருடையது. 1968-இல் கத்தோலிக்கத் திருச்சபை பெண்களை நடத்தும் விதம் பற்றிப் புத்தகம் எழுதினார். அடுத்த வருடமே, ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பலாம் என்றார்கள். மாணவர்கள் திரண்டு போராடினார்கள், நிரந்தரப் பணி கிடைத்தது. கலைப் பிரிவில் அப்போது ஆண்கள் மட்டுமே படித்தார்கள். ஆக, அவர் வேலையைக் காப்பாற்றியதில் பையன்களுக்குப் பெரும்பங்கு உண்டு!

பிற்பாடு அவர் கதவை மூடியது பெண்ணிய மேல்நிலை வகுப்புகளுக்குத்தான். ஆண்களுக்குத் தனியாகப் பாடம் எடுக்கத் தயாராகவே இருந்தார். ஆண் உட்கார்ந்திருந்தால் பெண்கள் பேசும் விதமே மாறிவிடும் என்பது அவர் வாதம். மாறும்தான், யார் மறுப்பது? ஆனாலும் பல்கலைக்கழகப் பாடத்தில் பாலினத்தை வைத்து ஒருவரை வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே காரியத்தால் அடிபட்டுத்தானே அவர் ஃப்ரிபோர்க் போனார்?

இருந்தாலும் அவர்மேல் எனக்குள்ள பெரிய புகார் இது இல்லை. 1978-இல் வந்த 'கைன்/எகாலஜி'யில் உடன்கட்டை பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதில் அவர் மெச்சி மேற்கோள் காட்டுவது யாரை? கேத்தரின் மேயோவை! இந்தியர்களுக்கு சுயாட்சி கூடாது என்பதற்கு வாதமாகவே 1927-இல் 'மதர் இந்தியா' எழுதிய அதே மேயோ. டேலியின் பக்கங்களில் இந்தியப் பெண் எரிகிறாள், அவ்வளவுதான். எதிர்த்தவள், எழுதியவள், வாதாடியவள் யாரும் இல்லை. கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லோர்ட் 1979-இலேயே டேலிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: எங்கள் பெண்கள் உங்கள் புத்தகத்தில் பலியாட்களாக மட்டும் ஏன் வருகிறார்கள்? உமா நாராயண் 1997-இல் உடன்கட்டை அத்தியாயத்தையே எடுத்து, அதில் வரலாறு எப்படிக் காணாமல் போகிறது என்று விரிவாகக் காட்டினார்.

வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனுக்கு, வழக்குப் போடுவோம் என்று எச்சரிக்க ஓர் அமைப்பு துணை நின்றது. புத்தகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் எங்கே போய் வழக்குப் போடுவது?

டேலியைப் படிக்க நினைப்பவர்கள் 1973-இல் வந்த 'பியாண்ட் காட் த ஃபாதர்' நூலில் தொடங்கலாம். உடன்கட்டை அத்தியாயத்தை மட்டும் உமா நாராயணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.