ஐந்து நட்சத்திரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

நம்ம ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. தானாக எழுந்து நடக்கவோ, குளிக்கவோ, சாப்பிடவோ முடியாதவர்கள் வாரக்கணக்கில், பல பேர் கடைசி வரைக்கும், தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. இந்தப் பதிவு அந்த இல்லங்களுக்கு அமெரிக்க அரசு கொடுக்கும் நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றியது. அதை நம்பி நான் செய்த ஒரு தப்பைப் பற்றியதும்கூட.

2023-ல் நியூஜெர்சியில் மகனோடு இருந்த என் பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கிட்டாங்க. ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் அண்ணன் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து, "இதில் எந்த இல்லம் வேணும்னு ரெண்டு நாளில் சொல்லுங்க" என்றார்கள். அண்ணன் எனக்கு போன் பண்ணினார். "நீதான் டேட்டா டேட்டானு சொல்லிக்கிட்டு இருப்பியே, கொஞ்சம் பாரேன்டா." நான் சென்னையில் உட்கார்ந்து மெடிகேரின் 'கேர் கம்பேர்' தளத்தைத் திறந்தேன். பட்டியலில் ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம். வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷ தூரம். பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிட்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி மதியம் போனபோது பெரியம்மா நனைந்த படுக்கையில் கிடந்தாங்க. அழைப்பு மணியை அழுத்தி முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆச்சுன்னு பக்கத்துப் படுக்கைக்காரம்மா சொன்னார். அண்ணி தேடிப்போனால் அந்தத் தாழ்வாரம் முழுக்க ஒரே ஒரு உதவியாளர். அந்தப் பெண்ணும் பாவம், காலையிலிருந்து சாப்பிடலை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "அஞ்சு ஸ்டார்னு சொன்னியேடா" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் அந்த ஐந்து நட்சத்திரம் எப்படி வருதுன்னு உட்கார்ந்து படித்தேன். அதை முதல் நாளே செய்திருக்கணும்.

மொத்த மதிப்பீட்டுக்கு அடியில் மூன்று தனித்தனி மதிப்பீடுகள் இருக்கு. அரசு ஆய்வு ஒன்று, பணியாளர் எண்ணிக்கை ஒன்று, தர அளவீடுகள் ஒன்று. கணக்கு ஆய்வு நட்சத்திரத்திலிருந்து ஆரம்பிக்கும். பணியாளரில் ஐந்து வாங்கினால் ஒரு நட்சத்திரம் கூடும், ஒன்று வாங்கினால் ஒன்று குறையும். நடுவில் இரண்டு, மூன்று, நான்கு எது வாங்கினாலும் எந்த மாற்றமும் கிடையாது. தர அளவீட்டுக்கும் அதே விதி.

பெரியம்மா இருந்த இல்லத்துக்கு ஆய்வில் 4, பணியாளரில் 2, தர அளவீட்டில் 5. நாலோட ஒன்று கூட்டினால் ஐந்து. அந்த இரண்டு எங்கே போச்சு? எங்கேயும் போகலை. கணக்கிலேயே சேரலை. ஆள் பற்றாக்குறை உள்ள இல்லம் என்று அதே பக்கத்தில், கொஞ்சம் கீழே, எழுதியே இருந்தது. நான் ஸ்க்ரோல் பண்ணலை.

என் சோம்பேறித்தனத்தை விதியின் மேல் போடுகிறேன்னு நினைக்காதீங்க. ஆஸ்பத்திரி கொடுத்த ரெண்டு நாளில், பதற்றத்தில் இருக்கும் ஒரு குடும்பம் மொத்த எண்ணைத்தான் பார்க்கும். அதுக்காகத்தானே அந்த எண்ணே இருக்கு? அப்படியிருக்க, படுக்கையில் கிடப்பவருக்கு மிக நேரடியாகத் தெரியும் குறையை அந்த எண் விழுங்கிவிடுகிறது என்றால், அது வடிவமைப்புப் பிழை.

மருத்துவத் தரத்தை எப்படி அளப்பது என்று பேசும் எல்லாரும் அவேடிஸ் டோனபீடியன் 1966-ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் தொடங்குவார்கள். அவர் மூன்றாகப் பிரித்தார். என்ன வசதி, எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்பது அமைப்பு. என்ன செய்கிறார்கள் என்பது செயல்முறை. நோயாளி கடைசியில் எப்படி இருக்கிறார் என்பது விளைவு. ரொம்பத் தெளிவான பிரிவு. ஆனால் நட்சத்திரங்களைப் படிக்கும்போது அதோடு இன்னொரு கேள்வியும் வேணும்னு எனக்குத் தோணிச்சு: இந்த எண்ணை எழுதுவது யார்? மென்பொருள் வேலையில் இது பால பாடம். கோட் எழுதினவரே டெஸ்ட்டும் எழுதி, அவரே பாஸ் போட்டுக்கொண்டால் அந்த ரிப்போர்ட்டை யாரும் மதிக்க மாட்டோம். சர்வர் லாக் என்ன சொல்லுதுன்னு கேட்போம்.

அந்தக் கேள்வியோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தர அளவீடுகள். விழுந்து பலமாக அடிபட்டவர்கள் எத்தனை சதவீதம், படுக்கைப் புண் எத்தனை பேருக்கு, மனநோய் மருந்து எத்தனை பேருக்கு என்பது மாதிரி. இவற்றில் பெரும்பகுதி, இல்லத்தின் பணியாளர்களே ஒவ்வொருவரைப் பற்றியும் நிரப்பி அனுப்பும் படிவத்திலிருந்து வருது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், விழுந்து பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் மெடிகேர் பில்களை எடுத்து, அதே நிகழ்ச்சி படிவத்தில் இருக்கான்னு தேடினார்கள். இருந்தது 57.5 சதவீதம்தான். மீதி காயங்களுக்கு ஆஸ்பத்திரி பில் இருக்கு, இல்லத்தின் படிவத்தில் தடயம் இல்லை.

மனநோய் மருந்தின் கதை இன்னும் மோசம். மறதி நோய் உள்ள முதியவர்களை அமைதியாக வைத்திருக்க இந்த மருந்துகளைக் கொடுப்பது ஆபத்து, உயிருக்கே ஆபத்து. அதனால் 2015-ல் இதையும் நட்சத்திரக் கணக்கில் சேர்த்தார்கள். ஆனால் ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களுக்கு அந்த மருந்து நியாயமானது என்பதால் அவர்களுக்கு விலக்கு. விளைவு? 2021-ல் நியூயார்க் டைம்ஸ் விசாரித்து எழுதியபோது, இல்லங்களில் ஒன்பது பேரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று பதிவாகியிருந்தது. பொதுவாக இளவயதில் தலைகாட்டும் நோய் அது. எண்பது வயதுக்கு மேல் இத்தனை பேருக்குப் புதிதாக வர வாய்ப்பே இல்லை. கடைசியில் 2023 ஜனவரியில் அரசு தணிக்கையை அறிவித்தது. பொய்ப் பதிவு என்று தெரிந்தால் நட்சத்திரத்தைக் குறைப்போம் என்றது.

அடுத்து ஆய்வு. இதை எழுதுவது வெளியாள், மாநில அரசின் ஆய்வுக் குழு. சொல்லாமல்தான் வருவார்கள். அந்த அளவில் இது நம்பத்தகுந்தது, கணக்கின் அடித்தளமாக இதை வைத்ததும் சரி. குறை ரெண்டு. ஒன்று, இது ஒப்பீட்டு மதிப்பெண். ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் 10 சதவீதத்துக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று, மீதி நடுவில் பங்கு. மாநிலமே மோசமாக இருந்தாலும் முதல் 10 சதவீதம் ஐந்து வாங்கியே தீரும். ஒரு மாநிலத்தின் நான்கையும் இன்னொரு மாநிலத்தின் நான்கையும் ஒப்பிட முடியாது. இரண்டு, வழக்கமான ஆய்வு சராசரியாக வருஷத்துக்கு ஒரு தடவை. எப்போது வரக்கூடும்னு நிர்வாகத்துக்கு ஓரளவு தெரியும். தினசரி சம்பளக் கணக்கை வைத்து 2019-ல் வந்த ஒரு ஆய்வு, ஆய்வுக் குழு வரும் சமயத்தில் பணியாளர் எண்ணிக்கை ஏறி, போனதும் இறங்குவதைக் காட்டியது. கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி.

மூன்றாவது பணியாளர் எண்ணிக்கை. எனக்கு இதன் வரலாறுதான் ரொம்பப் பிடித்தது. 2008 டிசம்பரில் நட்சத்திரங்கள் தொடங்கியபோது, ஆய்வு நடக்கும் சமயத்தில் ரெண்டு வாரக் கணக்கை இல்லமே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்கும். யார் சரிபார்ப்பது? கிட்டத்தட்ட யாரும் இல்லை. 2010-ன் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம், சம்பளப் பதிவேட்டோடு ஒத்துப்போகும் கணக்கைக் கொடுக்கணும்னு சொன்னது. அது நடைமுறைக்கு வர 2016 ஆச்சு. 2018 ஏப்ரலில்தான் நட்சத்திரக் கணக்கில் நுழைந்தது. நுழைந்ததும் பல இல்லங்களின் சாயம் வெளுத்தது, முக்கியமாக வார இறுதி நாட்களில். 2022 ஜூலையிலிருந்து வார இறுதி எண்ணிக்கையும், ஒரு வருஷத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் மதிப்பீட்டில் சேர்ந்தன.

இதுதான் நான் சொன்ன சர்வர் லாக். தரத்தைக் காட்டுவதற்காக எழுதப்பட்டதில்லை, சம்பளம் கொடுக்க எழுதப்பட்டது. முழுக்கப் பொய் எழுத முடியாதுன்னு இல்லை, ஆனால் கஷ்டம்.

அதில் வரும் முக்கிய எண், ஒருவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் நர்சிங் நேரம். 2001-ல் அரசுக்காகச் செய்த ஆய்வு 4.1 மணி நேரம் என்ற அளவைச் சொன்னது. 2024 மே மாதம் அரசு போட்ட விதி 3.48-ஐக் குறைந்தபட்சம் என்றது. அதையும் 2025 ஏப்ரலில் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. 3.48 என்பது பெரிய எண் மாதிரி தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்க. 30 பேர் உள்ள ஒரு பகுதிக்கு ஒரு நாளில் 104 மணி நேரம், அதாவது எட்டு மணி ஷிஃப்டுகள் பதின்மூன்று. மூன்று வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு நான்கு பேர், மிஞ்சிப்போனால் ஐந்து. நர்ஸ், உதவியாளர் எல்லாரும் சேர்த்து. அதில் ஒருத்தர் லீவு போட்டால் மணி அடித்தவர் காத்திருக்கத்தான் வேணும்.

அதனால் நட்சத்திரங்களே வேஸ்ட்டுன்னு சொல்ல வரலை. மூன்று எண்களையும், அதற்கு அடியில் உள்ள ஆய்வு அறிக்கைகளையும் யார் வேணும்னாலும் படிக்கலாம் என்பது பெரிய விஷயம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து அந்த இல்லத்தின் ஞாயிற்றுக்கிழமையை நான் பார்க்க முடிந்ததே அதனால்தான். என் புகார் மொத்த எண்ணைப் பற்றி. தானே எழுதிக்கொண்ட கணக்கையும் வெளியாள் எழுதினதையும் ஒரே தராசில் போட்டு, முதலாவதால் ஒரு நட்சத்திரம் ஏற விடுகிறது. பணியாளர் இரண்டு என்றால் மொத்தம் ஐந்தாக முடியாது என்று ஒரு விதி போட்டிருந்தால் போதும், நான் அந்த இல்லத்தைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது தடவை தேடியபோது வரிசையை மாற்றினேன். முதலில் வார இறுதி நர்சிங் நேரம். அடுத்து வேலையை விட்டுப் போனவர்கள் சதவீதம். மூன்றாவது, ஆய்வு அறிக்கையில் குறைகளை விவரிக்கும் வாக்கியங்கள். மொத்த நட்சத்திரத்தைக் கடைசியில்தான் பார்த்தேன். அப்புறம் அண்ணியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லாமல் போய், தாழ்வாரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து, அடிக்கிற மணிக்கு ஆள் வர எத்தனை நிமிஷம்னு பார்க்கச் சொன்னேன். கிடைத்தது மூன்று நட்சத்திர இல்லம். கட்டடம் பழசு, வாசலில் பெயின்ட் உரிந்திருந்தது, அண்ணனுக்கு முதலில் மனசே இல்லை.

பெரியம்மா அங்கே நான்கு மாதம் இருந்து, வாக்கரோடு வீட்டுக்குத் திரும்பினாங்க. காலையில் பெரும்பாலும் ஒரே உதவியாளர்தான் வருவாராம். எந்தப் பக்கம் திருப்பினால் இடுப்பு வலிக்கும்னு அவருக்குத் தெரியும். ஒரு வீடியோ காலில் "இடம் எப்படி பெரியம்மா"னு கேட்டேன். "சாப்பாடு வாயில வைக்க முடியலைடா. ஆனா கூப்பிட்டா வர்றாங்க" என்றாங்க.

கூப்பிட்டால் எத்தனை நிமிஷத்தில் வர்றாங்க என்பதுக்கு அந்தத் தளத்தில் இன்றைக்கும் ஒரு கட்டம் கிடையாது. அதுவரை வார இறுதி எண்ணைப் பாருங்க. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் உட்காருங்க.