விதியும் தோற்றமும்: தொழில்நுட்பத் தரநிலைகளை மார்க்அப்பில் எழுதும் முறை

தொழில்நுட்பத் தரநிலை என்பது, ஒருவரையொருவர் அறியாத பலரும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டிய விதிகளின் தொகுப்பு. அதில் ‘செய்ய வேண்டும்’ என்பதை மீறிய மென்பொருள் தரநிலைக்கு ஒத்ததாகாது. ‘செய்யலாம்’ என்பதைச் செய்யாமல் விட்ட மென்பொருளுக்கோ குறையில்லை. இவ்வளவு கண்டிப்பான ஆவணத்தை எழுத இரண்டு வழிகள் உண்டு. பக்கத்தின் தோற்றத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு வேர்டு போன்ற மென்பொருளில் தட்டச்சு செய்வது ஒன்று. இது தலைப்பு, இது விதி, இது அட்டவணை என்று ஒவ்வொரு பகுதிக்கும் டேக் இட்டு எழுதி, தோற்றத்தை மென்பொருளின் பொறுப்பில் விடுவது மற்றொன்று. இரண்டாவது முறையே மார்க்அப். 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்ற எண்ணில் வெளிவந்த எஸ்ஜிஎம்எல்லும், அதை எளிமையாக்கி 1998இல் வந்த எக்ஸ்எம்எல்லும் இதற்கு அடித்தளம் இட்டன.

இம்முறை ஏன் தேவைப்பட்டது என்பதை இணையத் தரநிலைகளின் வரலாறு காட்டுகிறது. ஆர்எஃப்சி எனப்படும் அந்த ஆவணங்கள் 1969இல் தொடங்கியவை. நெடுங்காலம் அவை வெறும் ஆஸ்கி உரையாகவே வெளிவந்தன: வரிக்கு 72 எழுத்து, பக்கத்துக்கு 58 வரி. எந்தக் கணினியிலும் திறக்கும், எந்த அச்சுப்பொறியிலும் அச்சாகும் என்பது அவ்வடிவத்தின் பெரும் பலம். ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துக்குக்கூட இடமில்லை. அட்டவணைகளும் வரைபடங்களும் சம அகல எழுத்துகளை அடுக்கியே வரையப்பட்டன; ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலத்தில் அடங்காத தமிழுக்கு அந்த வழியும் பொருந்தாது. மார்ஷல் ரோஸ் 1999இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 2629, இவ்வாவணங்களை எக்ஸ்எம்எல்லில் எழுத வழி செய்தது. ஆயினும் வெளியீடு பழைய உரை வடிவத்திலேயே தொடர்ந்தது. 2016இல் வகுக்கப்பட்ட புதிய நெறிகளின்படி 2019 முதல்தான் எக்ஸ்எம்எல் மூலமே அதிகாரபூர்வ ஆவணமாயிற்று. எச்டிஎம்எல், பிடிஎஃப், உரை ஆகிய மூன்றும் அதிலிருந்து உருவாகின்றன. ஆஸ்கியைத் தாண்டிய எழுத்துகளுக்கும் அந்நெறிகளில் இடம் கிடைத்தது.

தமிழ் மார்க்அப் முறையை நேருக்கு நேர் சந்தித்த இடம் டொமைன் பெயர்கள். ‘இலங்கை’ என்ற மேல்நிலைப் பெயர் 2010இலும், ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ ஆகியவை 2011இலும் இணையத்தின் வேர்ப் பட்டியலில் ஏறின. இனி வரும் பெயர்களில் எந்தத் தமிழ் எழுத்துகள் வரலாம், எந்த வரிசையில் வரலாம், எவை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்ளப்படும் என்பதற்கு விதிகள் தேவைப்பட்டன. பிராமியின் வழிவந்த ஒன்பது எழுத்துமுறைகளுக்காக டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் கீழ் இயங்கிய வல்லுநர் குழு அவற்றை வகுத்தது. தமிழுக்கான தொகுப்பு 2019இல் நிறைவடைந்தது. இத்தகைய தொகுப்புகளை எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தை, கிம் டேவிஸும் ஆஸ்மஸ் ஃபிரைடாக்கும் 2016இல் எழுதிய ஆர்எஃப்சி 7940 வரையறுக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளைப் பட்டியலிடக் கற்றுத்தரும் அந்த ஆவணமே பழைய ஆஸ்கி வடிவத்தில்தான் வெளிவர வேண்டியிருந்தது.

அந்த எக்ஸ்எம்எல் கோப்புக்கு மூன்று பகுதிகள். முதல் பகுதியில் மொழி, பதிப்பு, தேதி, விளக்கம் ஆகிய விவரங்கள். இரண்டாவதில் அனுமதிக்கப்பட்ட எழுத்துகள், ஒவ்வொன்றும் தன் யூனிகோட் எண்ணுடன். மூன்றாவதில் எழுத்துகள் எப்படிச் சேரலாம் என்ற விதிகள். மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரின் பெயரை இதில் சோதித்துப் பார்த்தால் அதன் வேலை புரியும். படிப்பவருக்கு அது ஆறு எழுத்து: தி, ரு, வா, த, வூ, ர். கணினிக்கு அது பதினொரு குறியெண். ஒவ்வொன்றும் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பார்க்கப்படுகிறது. உயிர்மெய்க்குறிகள் நான்கும் புள்ளி ஒன்றும் மெய்யெழுத்தைத் தொடர்ந்தே வந்துள்ளனவா என்று அடுத்துப் பார்க்கப்படுகிறது. பெயர் தேறுகிறது. இதே பெயரில் யாரேனும் தவறிப்போய்ப் புள்ளியை முதலில் இட்டிருந்தால், மனிதர் எவரும் பார்க்குமுன்னே அது தள்ளப்பட்டிருக்கும்.

மாற்றெழுத்து விதிகளில் இம்முறையின் திறன் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘ஔவை’யின் முதல் எழுத்தை ஔ என்ற ஒரே குறியெண்ணிலும் தட்டலாம். ஒ, ள என்ற இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால், ஒருவர் பதிந்த பெயரைப் போலவே மற்றொருவர் பதிந்து ஏமாற்ற வழியுண்டு. எனவே இவ்விரண்டும் மாற்று என்று கோப்பில் ஒரு வரி அறிவிக்கிறது. ஆனால் ‘ஒளி’ என்ற சொல்லுக்கு இந்த வரியைப் பொருத்தினால் ஔ-வின் மேல் இகரக் குறி ஏறிய ஒரு வடிவம் கிடைக்கும். தமிழில் அப்படி ஓர் எழுத்தே இல்லை. உயிர்மெய்க்குறி மெய்யைத் தொடர்ந்தே வர வேண்டும் என்ற விதி அதை உடனே தள்ளிவிடுகிறது. தனித்தனியே எழுதிய இரண்டு விதிகள் சேர்ந்து சரியான விடையைத் தருகின்றன. ‘ஒளி’க்கென்று விதிவிலக்கு எழுதத் தேவையில்லை. உரைநடையில் எழுதிய தரநிலையில் இந்த மோதலைக் கவனமான ஒரு வாசகர் கண்டுபிடித்தால்தான் உண்டு. மார்க்அப்பில் கணினியே அதைத் தீர்க்கிறது.

இதிலிருந்து நன்மைகளைத் தொகுக்கலாம். ஒரே மூலத்திலிருந்து பல வடிவங்கள் உருவாவதால், அச்சுப் பதிப்பும் திரைப் பதிப்பும் முரண்படுவதில்லை. விதி எண்களும் குறுக்குக் குறிப்புகளும் தாமாகவே திருந்துகின்றன. இரண்டு பதிப்புகளுக்கு இடையே எந்த வரி மாறியது என்பதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விதியைப் படிப்பதும் செயல்படுத்துவதும் ஒரே கோப்பிலிருந்து நடக்கின்றன. இலக்கிய, வரலாற்று நூல்களை மின்பதிப்பாக்க உதவும் டிஇஐ நெறிகள் இதற்கு நல்ல சான்று: அந்நெறிநூலே டிஇஐ மார்க்அப்பில்தான் எழுதப்படுகிறது, விளக்கமும் சரிபார்க்கும் இலக்கணமும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, அறிஞருக்கும் கோப்புக்கும் இடையிலுள்ள தூரம். தமிழ் விதித்தொகுப்பின் மூலத்தைத் திறப்பவர் முன் நிற்பவை எண்களே. அவற்றை எழுத்துகளாகக் காட்டும் எச்டிஎம்எல் பதிப்பும் வெளியிடப்படுகிறது. ஆனால் கட்டுப்படுத்தும் ஆவணம் எக்ஸ்எம்எல்தான். தமிழ் இலக்கணம் அறிந்தவர் படிக்கும் பக்கத்துக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள பக்கத்தை அவரால் படிக்க இயலவில்லை. தரநிலையைச் சீர்தூக்க வேண்டிய மிகத் தகுதியான ஆள் இதனால் வெளியே நிற்க நேர்கிறது.

இரண்டாவது, பொய்யான நிம்மதி. டேக்குகள் சரியாக மூடப்பட்டுள்ளனவா, கட்டாயப் பகுதிகள் உள்ளனவா என்பதையே சரிபார்ப்பு மென்பொருள் பார்க்கும். ‘ஔ’ பற்றிய மாற்றெழுத்து வரி முழுவதும் விடுபட்டிருந்தாலும் அது கோப்பைத் தேர்ச்சி என்றே சொல்லும். இலக்கணச் சுத்தம் வேறு, உண்மை வேறு. பிழையில்லை என்ற செய்தி திரையில் வந்ததும் ஆய்வு முடிந்ததாகக் கருதும் பழக்கம் தரநிலைக் குழுக்களுக்கு ஆபத்தானது.

மூன்றாவது, காரணங்கள் டேக்குக்குள் முழுமையாக அடங்குவதில்லை. ஒரு விதி ஏன் வந்தது, எந்த மாற்றுக் கருத்து மறுக்கப்பட்டது என்பவை உரைநடையில்தான் நிற்கும். அவை தனி ஆவணமாகப் பிரியும்போது, ஒன்றைத் திருத்தி மற்றதை மறக்கும் வாய்ப்பு மீண்டும் எழுகிறது. ஒரே மூலம் என்ற முதல் நன்மையே இங்கு தளர்கிறது.

நான்காவது, கருவியைச் சார்ந்திருத்தல். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ஆவணங்கள் பலவும் ரெஸ்பெக் என்ற கருவியால் எழுதப்படுகின்றன. அது உலாவியிலேயே இயங்கி வரைவை வடிவமைக்கிறது. ஆண்டுகள் கழித்து அந்த நிரல் மாறினால் வரைவின் தோற்றமும் மாறலாம். இதை உணர்ந்தே, வெளியிடும்போது நிரல் இல்லாத நிலையான எச்டிஎம்எல் படியை டபிள்யூ3சி பாதுகாக்கிறது. மார்க்டவுன் போன்ற எளிய குறிகள் எழுதுபவரின் சுமையைக் குறைக்கின்றன. ஆனால் கடினமான அட்டவணைகளையும் விதி அமைப்புகளையும் அவற்றால் தாங்க முடிவதில்லை.

ஐந்தாவது, மார்க்அப்பின் எல்லை எழுத்துக் குறியீட்டின் எல்லையோடு முடிகிறது. திருவாதவூர் அருகே ஓவாமலைக் குகைத்தளத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. பிராமி எழுத்து 2010இல் யூனிகோடில் சேர்ந்தது. ஆனால் பழந்தமிழின் குறில் எகரம், ஒகரம், அவற்றின் குறிகள், ளகரம், புள்ளி ஆகிய ஆறும் 2021இல்தான் சேர்ந்தன. அதுவரை இவ்வெழுத்துகளைப் பற்றிய ஆவணம், அவற்றைப் படமாகவோ தனி எழுத்துருவிலோதான் காட்டியிருக்க முடியும். குறியெண் இல்லாத எழுத்தைக் குறிக்க டிஇஐயில் தனி டேக் உண்டு. தரநிலைகள் எழுதும் பிற கருவிகளும் அந்த ஏற்பாட்டைப் பின்பற்றலாம்.

இக்குறைகளை மார்க்அப் இல்லாத நிலையோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும். இந்தியத் தரநிலைகளை அனைவரும் பயன்படுத்தும் வடிவில் தர விரும்பிய கார்ல் மலமுடின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு, அவற்றில் பலவற்றை எச்டிஎம்எல்லாக மறுபடி தட்டச்சு செய்து, சூத்திரங்களை மேத்எம்எல்லிலும் வரைபடங்களை எஸ்விஜியிலும் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது. மூலம் முதலிலேயே மார்க்அப்பில் வெளியாகியிருந்தால் இந்த உழைப்பு முழுவதும் மிச்சமாகியிருக்கும். மறுதட்டச்சில் பிழை நுழையும் அச்சமும் இருந்திராது.

ஆகவே தரநிலைகளை மார்க்அப்பில் எழுதுவதே சரியான முறை. ஆனால் அது தனியே போதாது. எண்ணோடு எழுத்தும், விதியோடு காரணமும் அதே கோப்பில் இடம்பெற வேண்டும். கணினிச் சரிபார்ப்புக்குப் பின் மொழியறிஞரின் ஆய்வு கட்டாயமாக வேண்டும். தமிழுக்குத் தரநிலை வகுக்கும் அரசு நிறுவனங்களும் தன்னார்வக் குழுக்களும் பிடிஎஃப்போடு நின்றுவிடாமல் மூலக் கோப்பையும் பொதுவில் வெளியிட வேண்டும்.