அட்டியில் ஏற்றும், லாரியில் ஏற்றாது

ஆரணி வட்டாரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுதான் நினைவுக்கு வரும். பட்டுக்குத் தூக்கும் எந்திரம் எதற்கு? ஒரு தறியின் ஒரு மாத நெசவை ஒரு டி.வி.எஸ். 50 கொண்டுபோய்விடும். இதே வட்டாரத்துச் சேத்துப்பட்டின் பாரமெல்லாம் நெல்லில் இருக்கிறது. இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடை நாட்களில் வந்து குவியும் நெல் மூட்டை 75 கிலோ கணக்கு. ஒரு ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. 75 கிலோவைப் பிடரியில் போட்டுக்கொண்டு, அடுக்கிய மூட்டைகளையே படியாக்கி அட்டி ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டால், மூட்டைகளைப் பேலட் என்னும் தட்டோடு தூக்கி அடுக்கும் ஸ்டாக்கர் ஏன் வேண்டும் என்று விற்பனையாளர் விளக்க வேண்டியதில்லை.

ஊரில் ஓர் அரிசி ஆலைக் கிடங்குக்கு டெமோவாக வந்த செமி எலக்ட்ரிக் ஸ்டாக்கரை இயக்கிப் பார்த்தேன். தாங்கும் எடை ஒரு டன், தூக்கும் உயரம் 3 மீட்டர், 12 வோல்ட் பேட்டரி. விலை ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ரூபாய்க்குள், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. தூக்குவது மட்டும் மோட்டார். தள்ளுவது ஆள்.

தூக்கும் வேலையில் குறை சொல்ல முடியாது. லீவரை அழுத்தினால் முழுப் பாரத்தோடு உச்சிக்குப் போக அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. இறக்கும்போது லீவரை மெல்லத் தளர்த்தினால் மூட்டை குலுங்காமல் இறங்குகிறது. ஆனால் ஒரு டன் என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பாரத்தின் மையம் ஃபோர்க்கின் அடியிலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தக் கணக்கு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு வரி வந்தபின் ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின அல்லவா? ஒரு பேலட்டில் வரிசைக்கு ஐந்தாக எட்டு வரிசை போட்டால் 1,040 கிலோ, எல்லை தாண்டிவிடுகிறது. ஏழு வரிசையோடு நிறுத்தினால் 910 கிலோ, பேலட் எடையும் சேர்ந்து அடங்கும். பிளாஸ்டிக் சாக்கு வழுக்குவதால் பேலட் மேல் பேலட்டாக இரண்டுதான் நிம்மதி. மூன்றாவதை வைத்தபோது அது சாய்ந்த சாய்வில் எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம்.

தொல்லை தரையில் தொடங்குகிறது. எந்திரமும் பாரமும் சேர்ந்தால் ஒன்றரை டன்னை நெருங்குகிறது. வழவழப்பான சிமென்ட் தளத்தில் ஒருவர் தள்ளலாம். கிடங்கின் பாதி கடப்பைக்கல். கல்லுக்குக் கல் உள்ள இடுக்கில் முன்பக்கச் சின்ன உருளைகள் விழுந்தால் இரண்டு பேர் வேண்டும். சரிவு இருந்தால் கிட்டவே போகக் கூடாது. கீழேயும் பலகை அடித்த பேலட்டுக்குள் இதன் கால்கள் நுழையாது. அடிப்பக்கம் திறந்த பேலட்தான் வாங்க வேண்டும். மாஸ்ட் முழுதும் இறங்கிய நிலையில் ஏறக்குறைய 2.1 மீட்டர். ஏழடி ஷட்டரில் விரல் இடைவெளியில் நுழைந்தது. அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். தவிட்டுத் தூசி செயின் கிரீஸில் ஒட்டிக் களிம்பாகிறது, அதை அடிக்கடி துடைக்க ஒருவர் வேண்டும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம், பணம் செலவழித்தால். லாரி வந்து நின்றபோதுதான் எந்திரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பேலட்டோடு ஏற்றினால் இடம் போகிறது, போன பேலட் திரும்பி வராது. ஆகவே பேலட்டிலிருந்து ஒவ்வொரு சிப்பமாக எடுத்துத் தலையில்தான் ஏற்றினார்கள். முதலில் பேலட்டில் அடுக்கியதும் கைதான். ஸ்டாக்கர் மிச்சப்படுத்துவது அட்டி ஏறும் உயரத்தை மட்டுமே. முதுகுக்கு அது பெரிய உதவி. ஆள் கணக்கில் சிறிய மாற்றம்.

ஆளைக் குறைக்கும் எந்திரங்கள் இல்லாமல் இல்லை. அமேசான் 2012-ல் 77.5 கோடி டாலருக்கு கீவா நிறுவனத்தை வாங்கி, அலமாரியையே சுமந்து வரும் ரோபோக்களைக் கிடங்கில் விட்டது. நம் நாட்டில் நொய்டாவின் ஆட்வெர்ப் நிறுவனமும் அந்த வகை எந்திரங்களைச் செய்கிறது. அவை ஓடுவது மட்டம் பார்த்துப் போட்ட தரையில், அளவு குறித்த பெட்டிகளுக்கு நடுவே. நெல் மூட்டை ஒவ்வொரு முறை வைக்கும்போதும் வேறு வடிவம் எடுக்கும் சரக்கு.

சேத்துப்பட்டு, களம்பூர் பக்கத்து ஆலைக்காரர் என்னிடம் கேட்டால், நெல் மூட்டைக்கு முதலில் சக்கரம் வைத்த சாய்வு கன்வேயர்தான் வாங்கச் சொல்வேன். சாக்கு எந்த வடிவில் இருந்தாலும் பெல்ட்டுக்குக் கவலையில்லை, அட்டிக்கும் லாரிக்கும் ஒன்றே போதும், பேலட் செலவும் கிடையாது. த்ரீ பேஸ் மின்சாரம் போனால் மட்டும் சும்மா நிற்கும். பேட்டரியில் ஓடும் ஸ்டாக்கருக்கு அந்தத் தொல்லை இல்லை. சிப்பத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும், தரை நன்றாக உள்ள கிடங்குக்கு ஸ்டாக்கர் தாராளமாகப் பொருந்தும்.

டெமோ முடிந்ததும் லோடுமேன்களில் மூத்தவர் கேட்டார்: “உயர அட்டிக்கு மூட்டைக்குச் சேத்துக் குடுப்பீங்களே மொதலாளி, இனிமே அது உண்டா?” முதலாளி உடனே பதில் சொல்லவில்லை. பேலட்டில் அடுக்குவதும் பிரிப்பதும் கூடுதல் கைவேலை, அதற்கு ஒரு கூலி பேசியாக வேண்டும் என்றேன். “அதப் பேசி முடிச்சாத்தான் ஆர்டரு” என்றார் முதலாளி. கன்வேயருக்கும் விலை கேட்டிருக்கிறார்.