படத்தில் வராத கேபிள்

சி.எம்.எஸ் உணர்கருவியின் படம் எங்கே வந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் உருளை உருளையாகச் சிலிக்கான் அடுக்குகள், சுற்றிலும் காந்தம், வெளியே சிவப்பு இரும்பு. ஒரு கேபிள்கூடக் கண்ணில் படாது. அழகு கெடக்கூடாது என்று நீக்கியிருப்பார்கள், சரி. ஆனால் கூடவே இயற்பியலின் ஒரு பகுதியும் போய்விடுகிறதே, அதுதான் என் புகார்.

துகள் கற்றைக்குச் செங்குத்தாகக் கிளம்பும் ஒரு ஃபோட்டான், தடம்காணியைக் கடந்து வெளியேற ஏறத்தாழ 0.4 கதிர்வீச்சு நீளம் பொருளைத் தாண்ட வேண்டும். சிலிக்கான் உணரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், 0.1-ஐக்கூடத் தொடாது. மீதியெல்லாம் கார்பன் சட்டம், குளிர்விக்கும் குழாய், மின்பலகை, கேபிள். கற்றையிலிருந்து 28 பாகை அளவில் சாய்ந்து போனால் இந்த எண் 1.8 ஆகிறது. உருளைப் பகுதிக்கும் மூடிப் பகுதிக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் கேபிள்களும் குழாய்களும் வெளியே வருகின்றன.

0.4 என்றால் நாலில் ஒரு ஃபோட்டான் வழியிலேயே எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக உடையும். 1.8 என்றால் நாலில் மூன்று. ஹிக்ஸை இரண்டு ஃபோட்டான்களாகத் தேடிய கருவி இது என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள். 1994-இல் போட்ட மதிப்பீடு, 2006-இல் கட்டி முடிக்கும் கட்டத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. உணரிகள் திடீரென்று தடித்துவிடவில்லை. சட்டத்துக்குள் எதை எப்படி நுழைப்பது என்ற கேள்விக்குக் கடைசியில்தான் உண்மையான பதில் கிடைத்தது.

ஏன் இவ்வளவு கம்பி? சிப்புகள் 1.25, 2.5 வோல்ட்டில் ஓடுகின்றன. மொத்தத் தேவையோ 30 கிலோவாட்டுக்கு மேல். வகுத்துப் பார்த்தால் குறைந்தது 12,000 ஆம்பியர். அதைப் பல பத்து மீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது பள்ளிப் பாடம். மின்னழுத்தத்தை நாலு மடங்காக்கினால் அதே இழப்புக்குப் பதினாறில் ஒரு பங்கு செம்பு போதும். மின்வாரியம் நூறு வருஷமாகச் செய்கிற வேலைதான்.

2017-இல் சி.எம்.எஸ் புதிய பிக்சல் கருவியை மாட்டியபோது இதைத்தான் செய்தார்கள். அடுக்கு கூடியது, கேபிளோ பழையதேதான். ஆகவே உள்ளேயே 1,200 அளவில் டிசி-டிசி மாற்றிகள். காந்தப்புலம் 3.8 டெஸ்லா என்பதால் சுருளுக்குள் ஃபெரைட் வைக்க முடியாது, காற்றுதான். அந்த வருஷக் கடைசியில் மாற்றிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கதிர்வீச்சு பட்ட சிப்பை அணைத்து மறுபடி போடும்போது, உள்ளே கசிந்த மின்னோட்டம் அதைக் கொன்றுவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. இதை வைத்து அந்த முடிவையே குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடித்த கேபிளுக்கு இடமே இல்லை என்கிறபோது வேறு என்ன வழி?

அடுத்த தலைமுறைப் பிக்சல் கருவிகளில், அட்லஸிலும் சி.எம்.எஸ்ஸிலும், தொடர் இணைப்பு வருகிறது. நம்ம ஊர்க் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி. பத்து மாட்யூலைத் தனித்தனியே ஊட்டினால் பத்து பங்கு மின்னோட்டம். வரிசையாகக் கோத்தால் ஒரு பங்கு போதும். ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணையுமே என்ற பயம் நியாயமானது. அதற்காக ஒவ்வொரு சிப்பிலும் மிச்ச மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் ஒரு பக்கவழி உண்டு. ஒரு மாட்யூலில் பல சிப்புகள் இணையாக இருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை சுமையை ஏற்கும். சும்மா கிடைக்கவில்லை: தேவைக்கு மேல் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் ஓட வேண்டும், அது வெப்பமாகும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் தரை மட்டமே வேறு வேறு என்பதால் தரவுக் கம்பியையும் மின்தேக்கி வழியாகப் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு சாமர்த்தியத்துக்கு நடுவில் எளிய வழி ஒன்று பேச்சில் அடிபடுவதே குறைவு: அலுமினியம். செம்பின் கதிர்வீச்சு நீளம் 1.43 செ.மீ., அலுமினியத்துக்கு 8.9. ஒரே மின்தடைக்கு அலுமினியம் 1.6 மடங்கு தடிமனாக வேண்டும்தான். இருந்தும் துகளின் கண்ணுக்கு அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. பற்றவைப்பது தலைவலி. ஆலிஸ் குழு அந்தத் தலைவலியை ஏற்றுக்கொண்டது. 2021-இல் பொருத்திய கருவியின் உள் அடுக்குகளில் அலுமினிய நெகிழ்பலகை. ஓர் அடுக்குக்கு மொத்தப் பொருள் 0.35 சதவீதம்தான்.