கேட்பவருக்கு யார் காது கொடுப்பது? – ‘எ ஸ்டில் ஸ்மால் வாய்ஸ்’ ஆவணப்படம் குறித்து

அமெரிக்க மருத்துவமனைகளில் ‘சாப்ளேன்’ என்று ஒரு வேலை இருக்கிறது. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, சைக்காலஜிஸ்ட்டும் இல்லை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்பதுதான் பிரதான வேலை. ஜெபம் வேண்டும் என்றால் ஜெபம், வேண்டாம் என்றால் சும்மா பேச்சுத் துணை. முன்பு பாதிரியாரும் ரபியும் தத்தம் ஆட்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது பெரிய மருத்துவமனைகளில் ஒரே சாப்ளேன் கத்தோலிக்கர், யூதர், முஸ்லிம், இந்து, கடவுளே இல்லை என்பவர் என எல்லாரிடமும் போகிறார்.

இந்த வேலையைப் பற்றி நான் பார்த்ததில் உருப்படியான படம், லூக் லோரன்ட்ஸன் எடுத்த ‘எ ஸ்டில் ஸ்மால் வாய்ஸ்’. 2023 சன்டான்ஸ் விழாவில் அமெரிக்க ஆவணப்படப் பிரிவில் இயக்குநர் விருது வாங்கியது. புயலிலும் பூகம்பத்திலும் நெருப்பிலும் இல்லாத கடவுள், அதற்கப்புறம் வந்த மெல்லிய ஒலியில் எலியாவிடம் பேசியதாக பைபிளில் ஒரு கதை உண்டு. தலைப்பு அங்கிருந்து வந்தது. நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில், கொரோனா காலத்தில், ஒரு வருட சாப்ளேன் பயிற்சியில் இருக்கும் மாதி என்ற யூதப் பெண்தான் மையம். அவருக்கே கடவுள் நம்பிக்கை ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது.

முதலில் பாராட்டு. எல்லா மதமும் ஒன்றுதான், அன்பே கடவுள் என்கிற மாதிரி வசனமெல்லாம் படத்தில் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு காட்சி வருகிறது. இறந்துபோன பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். செய்து வைப்பவர் மாதி, ஒரு யூதர்! கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாதவர்கூட, சரியான நோக்கத்தோடு ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் அது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். ஆக அந்தச் சட்டப்படி பார்த்தால் இந்தச் சடங்கு செல்லாது. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த அந்த ரெண்டு பேருக்கு அந்த நேரத்தில் அது வேண்டியிருக்கிறது. பல மதத்தாருக்கும் பொதுவான சாப்ளேன் என்றால் எல்லா மதத்தையும் கலந்து ஊற்றுபவர் என்று நினைப்போம். அப்படி இல்லை. தன் மதத்தை அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருப்பவருடைய மதத்துக்குக் கை கொடுப்பவர் அவர். அந்த ஒரு காட்சி இதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். படத்தின் பெரும்பகுதி நோயாளி அறையில் நடக்கவில்லை. பயிற்சியாளர்களும் அவர்களுடைய மேற்பார்வையாளர் டேவிட்டும் வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பேசும் கூட்டங்களில் நடக்கிறது. மாதி களைத்துப் போகிறார். ஓய்வு பற்றியும் எல்லை பற்றியும் டேவிட்டோடு முறுகல் வருகிறது. டேவிட்டும் களைத்துத்தான் இருக்கிறார். அவர் தன் பாரத்தை இறக்கி வைக்க இன்னொரு மேற்பார்வையாளரிடம் போகிறார். நோயாளி மாதியிடம், மாதி டேவிட்டிடம், டேவிட் அதற்கும் மேலே ஒருவரிடம். எங்கள் தொழிலில் நடுராத்திரி சர்வர் விழுந்தால் இப்படித்தான் ஒவ்வொரு படியாக மேலே தள்ளுவோம். ஆனால் அங்கே கடைசியில் யாராவது பிரச்சினையைச் சரிசெய்து மூடிவிடுவார்கள். துக்கத்துக்கு அப்படி மூடும் வசதி இல்லை. அது படிக்குப் படி கொஞ்சம் தங்கிவிடுகிறது.

இந்தக் கூட்டங்கள் ஏன் இப்படி நடக்கின்றன என்று படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதனால் புதிதாகப் பார்ப்பவருக்கு இது ஆபீஸ் சண்டை மாதிரி தெரிகிறது: மேனேஜர் சரியில்லை, இல்லை இந்தப் பெண் ஒத்துப்போக மாட்டேன் என்கிறாள் என்று. இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

ஆன்டன் பாய்சன் என்ற பாதிரியார் 1920-ல் கடுமையான மனநோய் வந்து மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். குணமாகி வெளியே வந்தவர், 1924-ல் மாசசூசெட்ஸில் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளேனாகச் சேர்ந்தார். அடுத்த வருடம் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே வரவழைத்தார். புத்தகத்தைப் படிப்பது போலவே மனிதர்களையும் உயிருள்ள ஆவணங்களாகப் படியுங்கள் என்பது அவருடைய பாடம். இன்று சாப்ளேன்கள் படிக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கு அதுதான் விதை. இப்போது அது 400 மணி நேர அலகுகளாக நடக்கிறது. வாரியச் சான்றிதழ் வேண்டுமானால் நாலு அலகு, அதாவது 1,600 மணி நேரம். நோயாளியோடு பேசியதை ஞாபகத்திலிருந்து வரிக்கு வரி எழுதிவந்து குழுவில் வைக்க வேண்டும். நீ ஏன் அந்த இடத்தில் பேச்சை மாற்றினாய், உனக்கு என்ன பயம் என்று கேட்பார்கள். அதாவது கேட்பவரும் ஒரு ஆவணம்தான்.

யோசித்துப் பாருங்கள். உடைந்து போன ஒருவர், அந்த உடைவிலிருந்தே உருவாக்கிய படிப்பு இது. அங்கே உடைவதும் பாடத்தில் ஒரு பகுதி. ஆனால் சம்பளப் பட்டியலும் ஷிஃப்டும் உள்ள மருத்துவமனையில் அதே உடைவு ‘எல்லை வகுக்கத் தெரியவில்லை’ என்ற குறையாக மாறிவிடுகிறது. மாதிக்கும் டேவிட்டுக்கும் நடுவில் இருப்பது இந்த முரண். படமோ அதை ரெண்டு பேருடைய சுபாவமாகச் சுருக்கிவிடுகிறது.

பின்னணிக் குரல் இல்லாமல் பார்த்ததை மட்டும் காட்டுவது இந்த இயக்குநரின் பாணி, அதில் விளக்கம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கேமராவுக்கு நிர்வாகத்தின் கதவு தெரியாதா? மெடிகேர் பணம் தரும் ஹாஸ்பிஸ் குழுவில், டாக்டர், நர்ஸ் போன்றவர்களோடு மதவழி ஆலோசகரோ வேறு ஆலோசகரோ ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. சாதாரண வார்டில் நிலைமை வேறு. சாப்ளேன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதற்குப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸில் பில் போட முடியாது. மருத்துவமனை தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வருமானம் தராத பிரிவில் ஆள் எண்ணிக்கை எப்படி இருக்கும் என்று கம்பெனியில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். மாதியின் களைப்பில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. படத்தில் அது இல்லை.

இருந்தாலும் பாருங்கள். மரணப் படுக்கையைக் காட்டி நம்மை அழவைப்பது சுலபம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் காட்டுவது கஷ்டம். லோரன்ட்ஸன் அந்த நாற்காலியை அருமையாகக் காட்டியிருக்கிறார். அதை எத்தனை கட்டிலுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் காட்டியிருந்தால் படம் முழுமையாகியிருக்கும்.