பியரின் நோய்கள்: பாஸ்டர் நூல் பற்றி ஒரு மதிப்பீடு

அறிவியல் நூல்களுக்கு ஆயுள் குறைவு. பத்தாண்டுகள் சென்றால் பாடநூல்கூடப் பழையதாகிவிடுகிறது. ஆயினும் சில நூல்கள், அவற்றின் முடிவுகள் திருத்தப்பட்ட பின்னரும், படிக்கத்தக்கவையாகவே நிற்கின்றன. லூயி பாஸ்டர் 1876-இல் பாரிஸ் நகரில் வெளியிட்ட ‘பியர் பற்றிய ஆராய்ச்சிகள்’ அத்தகைய நூல். பியர் ஏன் கெடுகிறது, அதைக் கெடாமல் காப்பது எப்படி என்பதே அதன் பொருள். 1879-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

ஒரு நூலின் தரத்தை அறிய நல்ல வழி, அது யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர் கையில் கொடுத்துப் பார்ப்பதுதான். பிரிட்டனில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1963-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு வழிசெய்தது. அந்நாடுகளில் இன்று இது பலருடைய பொழுதுபோக்கு. நம் மாநிலத்தில் இதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. மதுவுக்கு ஆள் சேர்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஒரு குடம் சாற்றுக்குள் உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் இது நம் கவனத்துக்கு உரியதாகிறது.

வீட்டில் தயாரிப்போரின் முறையீடுகளில் முக்கியமானவை ஐந்து: பியர் புளித்துவிட்டது, நொதித்தல் பாதியில் நின்றுவிட்டது, வெண்ணெய் மணம் வீசுகிறது, சகிக்க முடியாத நாற்றம் அடிக்கிறது, சீசா வெடித்துவிட்டது. இந்த ஐந்துக்கும் பாஸ்டர் என்ன விடை தருகிறார்?

நூல் பிறந்த சூழல்

முளைகட்டிய பார்லியை உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாகிறது. வடித்த சாற்றை ஹாப் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதுவே பியர்.

1870-71 போரில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. பாஸ்டர் தமக்கு பான் பல்கலைக் கழகம் அளித்திருந்த கௌரவப் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். ஜெர்மனி சிறந்து விளங்கிய பியர்த் தொழிலில் தம் நாட்டை உயர்த்த எண்ணி, தம் முறையில் செய்த பியருக்குத் ‘தேசியப் பழிவாங்கலின் பியர்’ என்றே பெயர் சூட்டினார். சினத்தில் பிறந்த நூல் எனலாம். ஆனால் சினம் தலைப்போடு நின்றுவிட்டது. சோதனைகளில் அதன் நிழல் விழவில்லை. இது பாஸ்டருக்குப் பெருமை.

நூலின் வலிமை

நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. 1871-இல் பாஸ்டர் லண்டனிலுள்ள ஒரு பெரிய பியர் ஆலைக்குச் சென்றார். அங்கிருந்த ஈஸ்டில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஈஸ்டுக்குச் சம்பந்தமில்லாத மெல்லிய இழைகள் அதில் தெரிந்தன. இந்த ஈஸ்டில் ஆன பியர் நன்றாக இராதே என்று அவர் கேட்டபோது, ஆலையின் பொறுப்பாளர்கள் தங்கள் தொல்லையை ஒப்புக்கொண்டனர். ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் சென்றபோது ஆலையில் ஒரு நுண்ணோக்கி வாங்கி வைக்கப்பட்டிருந்தது!

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, பாஸ்டர் பியரைச் சுவைத்துப் பார்த்துக் குற்றம் சொல்லவில்லை என்பதை. காரணத்தைக் கண்டு, அதிலிருந்து விளைவைக் கூறினார். பின்னர் எதிர்த் திசையிலும் சோதித்தார். அயல் உயிர்கள் புகாதபடி காத்த பியர் கெடவில்லை. அவை புகுந்த பியர் கெட்டது. காரணம் இருந்தால் விளைவு, காரணத்தை நீக்கினால் விளைவு இல்லை என்று இருபுறமும் காட்டியதே இந்நூலின் உயிர்நிலை.

ஆகவே நம் முதல் முறையீடான புளிப்புக்கு விடை கிடைத்துவிடுகிறது. பெரும்பாலும் அது லாக்டிக் அமில பாக்டீரியாவின் வேலை. காற்றுப் படும்படி விட்டிருந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியாவின் வேலை. புளித்ததை மீட்க வழியில்லை. அடுத்த முறை கொதித்து ஆறிய சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளையும் தூய்மை செய்வதே மருந்து.

இரண்டாம் முறையீட்டுக்கும் நூலில் பாதி விடை உண்டு. காற்றுப் பட்டால் ஈஸ்ட் நன்கு பெருகுகிறது என்பதைப் பாஸ்டர் விரிவாக ஆராய்ந்துள்ளார். கொதிக்கும் சாற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் வெளியேறிவிடுகிறது. 20 டிகிரி செல்சியசுக்கு ஆறவைத்து நன்கு குலுக்கினால் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் மீண்டும் கரையும். இதைச் செய்யாவிட்டால் ஈஸ்ட் போதிய அளவு பெருகாமல் நடுவழியில் சோர்ந்துவிடலாம். நொதித்தல் முடிந்த பின்போ அதே காற்று பகையாகி, பழைய அட்டை போன்ற சுவையைத் தருகிறது.

நூல் காணாதவை

இனி குறைகளைப் பார்ப்போம். முதற்குறை நூலின் அமைப்பு. தாமாகவே உயிர்கள் தோன்றுகின்றன என்ற கொள்கையை மறுக்கவும், லீபிக் போன்ற எதிர்ப்பாளர்களுக்கு விடை கூறவும் பல பக்கங்கள் செலவாகின்றன. பியரைத் தேடி வந்த வாசகர் பூஞ்சைகளின் காட்டைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. நொதித்தலுக்கு உயிருள்ள செல் இன்றியமையாதது என்பது பாஸ்டரின் உறுதி. 1897-இல் எடுவர்டு பூக்னர், ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த, செல்களற்ற சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டி அவ்வுறுதியை அசைத்தார்.

இரண்டாம் குறை பெரிது. பியரின் நோய் எல்லாம் அயல் உயிரால் வருவது. ஈஸ்டு நல்லது, மற்றவை தீயவை என்பது பாஸ்டரின் கணக்கு. ஈஸ்டிலேயே நல்லதும் தீயதும் உண்டா என்று அவர் போதிய அளவு கேட்கவில்லை. கேட்டவர் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். 1883-இல் அவர் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தார். பாக்டீரியா இல்லாமலே, காட்டு ஈஸ்டு வகைகளால் பியர் கசந்தும் கலங்கியும் போவதை நிறுவினார். பாக்டீரியாவை ஒழிக்கப் பாஸ்டர் பரிந்துரைத்த டார்டாரிக் அமில முறை, இந்தக் காட்டு ஈஸ்டுகளுக்கே சாதகமாக முடிந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். நோய்க்குத் தந்த மருந்தே வேறொரு நோயை வளர்த்தது!

மூன்றாவது, சுவையும் மணமும் பற்றிய மௌனம். பாஸ்டருக்குப் பியரில் ருசி அறியும் திறன் குறைவு என்று அவருடைய நண்பர் பெர்ட்டின் கேலி செய்ததாக வரலாறு கூறும். அது வெறும் கேலி அன்று. வெண்ணெய் மணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் டைஅசிட்டைல் என்ற பொருள். நல்ல ஈஸ்டே நொதித்தலின்போது அதை உண்டாக்குகிறது. சில நாள் பொறுத்தால் தானே அதைத் திரும்ப உட்கொண்டு நீக்கிவிடுகிறது. அவசரப்பட்டு ஈஸ்டைப் பிரித்துவிட்டால் மணம் தங்கிவிடும். இங்கே அயல் உயிர் எதுவும் இல்லை. பொறுமை ஒன்றுதான் இல்லை.

நாற்றத்தின் கதையும் அப்படியே. சூரிய ஒளியிலுள்ள நீலக் கதிர்களும் புற ஊதாக் கதிர்களும் ஹாப் பூவின் கசப்புப் பொருளைச் சிதைக்கின்றன. அதிலிருந்து கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றப் பொருள் உண்டாகிறது. தெளிந்த கண்ணாடிச் சீசாவை வெயிலில் வைத்தால் இது நேரும். எவ்வளவு தூய்மை பேணினாலும் பயனில்லை. அக்கதிர்களைத் தடுக்கும் பழுப்புச் சீசாவே மருந்து.

சீசா ஏன் வெடிக்கிறது?

இது முழுக்க இயற்பியல். நுரைக்காகச் சீசாவில் சிறிது சர்க்கரை சேர்த்து மூடுகிறார்கள். 1 கிராம் சர்க்கரை சுமார் அரை கிராம் கரியமில வாயு தரும். அதாவது கால் லிட்டர் வாயு. பியரின் பருமனைப் போல் இரண்டரை மடங்கு வாயு கரைந்திருப்பது வழக்கமான அளவு. 20 டிகிரியில் அப்போது சீசாவினுள் மொத்த அழுத்தம் ஏறக்குறைய 3 வளிமண்டலம்.

நொதித்தல் முடியுமுன் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒப்படர்த்தி 1.010-க்கு இறங்க வேண்டிய பியரை 1.016-இல் அடைத்ததாகக் கொள்வோம். ஒப்படர்த்தி 0.001 குறையும்போதெல்லாம் பியரின் பருமனில் பாதியளவு வாயு வெளிப்படும். ஆக, இன்னும் மூன்று மடங்கு வாயு சேர்கிறது. ஹென்றி விதிப்படி அழுத்தம் 6 வளிமண்டலத்தைத் தாண்டும். சாதாரணச் சீசா தாங்காது. சிதறும் கண்ணாடி கண்ணைப் பறிக்கும். குமிழி வருவது நின்றுவிட்டதைக் கொண்டு முடிவு செய்யலாகாது. சில நாள் இடைவெளியில் இருமுறை ஹைட்ரோமீட்டரால் அளந்து, மாறவில்லை என்று கண்ட பிறகே அடைக்க வேண்டும்.

அளவிலும் எச்சரிக்கை தேவை. ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டதாயின், 40 டிகிரி சூடான சாற்றில் அது சுமார் 0.006 குறைத்துக் காட்டும். உண்மையில் 1.046 உள்ள சாற்றை 1.040 என்று குறித்துக்கொண்டவர், கடைசியில் 1.010 கண்டதும், போதிய சர்க்கரை நொதிக்கவில்லையே என்று கவலைப்படுவார். இங்கே குறை பியரில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது.

எதை எடுத்துக்கொள்வது?

இன்றைய வீட்டுத் தயாரிப்புக் கையேடுகளில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். இடப்பக்கம் குறி, வலப்பக்கம் மருந்து. ‘தூய்மை செய்க’ என்ற சொல் வரிக்கு வரி வரும். இது பாஸ்டரிடமிருந்து வந்த சொத்துதான். ஆனால் அவருடைய முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

வெண்ணெய் மணத்துக்கு ஈஸ்டும் காரணமாகலாம், பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் காரணமாகலாம். முன்னதாயின் சற்று வெதுவெதுப்பாகச் சில நாள் விட்டால் சரியாகும். பின்னதாயின் கொட்டிவிட வேண்டியதே. குறி ஒன்று, காரணம் இரண்டு, மருந்தும் இரண்டு. எது என்பதை அட்டவணை சொல்லாது; ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரியும். லண்டன் ஆலையில் பாஸ்டர் செய்ததும் இதைத்தானே?

மாணவர்களே, இந்நூலைப் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் பியர் செய்யும் முறைக்காகப் படிக்காதீர்கள். அதற்கு ஹான்சனுக்குப் பின் வந்த நூல்கள் பல உண்டு. காரணத்தை எப்படித் தனிமைப்படுத்துவது, அதை நீக்கிப் பார்த்து எப்படி உறுதி செய்வது என்பதற்காகப் படியுங்கள். அந்த முறையைக்கொண்டே ஹான்சன் பாஸ்டரைத் திருத்தினார். தன்னையே திருத்தும் கருவியைப் பிறர் கையில் கொடுத்துச் செல்லும் நூலைவிடச் சிறந்த அறிவியல் நூல் எது?