மணலும் மேடையும்: ‘தீவு’ நாடகம் காட்டும் உண்மை

அநீதியை எதிர்க்கும் கலைக்கு இரண்டு இடர்கள் உண்டு. கொடியவனைக் கரியாகத் தீட்டி, நல்லவனை வெள்ளையாகத் தீட்டி, இடையே முழக்கங்களை நிரப்பிவிடுவது ஒன்று. துன்புறுவோரின் கண்ணீரை அளவுக்கு மீறிப் பெருக்கி, பார்ப்போர் தம் இரக்கத்தைத் தாமே மெச்சிக்கொண்டு வீடு திரும்பச் செய்வது மற்றொன்று. இவ்விரண்டிலும் பார்வையாளனின் உள்ளம் தீண்டப்படுவதில்லை. தான் நல்லவர் பக்கம் நிற்பதாக அவன் முன்பே முடிவு செய்துவிடுகிறான். இவ்விரு குழிகளிலும் விழாமல் நடந்த நாடகம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் 1973ஆம் ஆண்டு அரங்கேறியது. ‘தீவு’ என்பது அதன் பெயர். மனித உரிமையைப் பற்றிக் கலை எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு அது இன்றும் தக்க சான்றாக நிற்கிறது.

நாடகம் பிறந்த நிலத்தை முதலில் அறிதல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் சட்டங்கள் ஒவ்வொரு மனிதனையும் நிறத்தால் வகுத்துப் பதிவு செய்தன. எந்த நிறத்தார் எந்தப் பகுதியில் வாழலாம் என்பதையும் வரையறுத்தன. கறுப்பர் தம் கையில் அனுமதிச் சீட்டுப் புத்தகம் இல்லாமல் நகரில் நடமாடுவது குற்றம். இச்சூழலில் போர்ட் எலிசபெத் நகரை ஒட்டிய நியூ பிரைட்டன் என்னும் கறுப்பர் குடியிருப்பில், 1963ஆம் ஆண்டு, தொழிலாளரும் ஆசிரியருமாகிய சிலர் ஒரு நாடகக் குழு அமைத்தனர். அவர்கள் நாடிச் சென்று துணை வேண்டியவர் அத்தால் ஃபூகார்டு என்னும் வெள்ளை நாடகாசிரியர். 1965ஆம் ஆண்டு அக்குழு, கிரேக்கப் பெரும்புலவர் சோஃபகிளீசின் ‘அந்திகோனி’யை ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தபோது, நடிகர்களுள் ஒருவர் கைதானார். கேப்டவுனுக்கு எதிரே கடலில் கிடக்கும் ராபன் தீவுச் சிறைக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே சக கைதிகளின் முன்னே அந்திகோனியின் கதையைச் சுருக்கி நடித்துக் காட்டினார். அச்செய்தியே பின்னாளில் ‘தீவு’க்கு வித்தாயிற்று.

அந்திகோனியின் கதை எளியது. நாட்டுக்கு எதிராகப் படை திரட்டி வந்து மாண்ட தமையனைப் புதைக்கலாகாது என்று கிரையோன் மன்னன் ஆணையிடுகிறான். அரசன் ஆணையினும் அறம் பெரிது என்று தங்கை அவனைப் புதைக்கிறாள். உயிரோடு குகையில் அடைக்கப்படுகிறாள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த இக்கதையை, 1944ஆம் ஆண்டு, செருமானியப் படையின் பிடியில் இருந்த பாரிசு நகரில் ழான் அனூயி புதிதாக எழுதி மேடையேற்றினார். மண்ணும் மொழியும் மாறினாலும், சட்டத்துக்கும் அறத்துக்கும் பகை மூளும் இடமெல்லாம் அந்திகோனி எழுந்து வருகிறாள்.

‘தீவு’ உருவான முறையும் நினையத் தக்கது. ஃபூகார்டும், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ச்சோனா என்னும் இரு கறுப்பு நடிகர்களும் சேர்ந்து, பேசிப் பேசி, நடித்து நடித்து அதைச் சமைத்தனர். நடிப்பு என்பது கறுப்பருக்குரிய தொழிலாகச் சட்டத்தின் ஏட்டில் இல்லாமையால், அவ்விருவரும் ஃபூகார்டின் வீட்டு வேலையாட்கள் என்றே பதிவு பெற்றிருந்தனர். சிறை நிலையைப் பற்றி எழுதுவதையே சட்டம் தடுத்தமையால், தொடக்கத்தில் உரையாடல் ஏட்டில் எழுதப்படவில்லை. நாடகத்தின் முதற்பெயரிலும் தீவு என்னும் சொல் இடம்பெறவில்லை. நூல் அச்சேறியபோது மூவர் பெயரும் ஆக்கியோர் பெயராக நின்றன. துன்புற்றவர் வெறும் கதைப்பொருளாக இல்லாமல் கதையை ஆக்குவோராகவும் இருந்தனர் என்பதே இதன் முதற்சிறப்பு.

நாடகம் சொல்லின்றித் தொடங்குகிறது. ஜான், வின்ஸ்டன் என்னும் இரு கைதிகள் மணல் தோண்டித் தள்ளுவண்டியில் நிரப்புகின்றனர். ஒருவன் தோண்டியதை மற்றவன் தோண்டும் குழியில் கொட்டுகிறான். இவன் குழியில் அவன் கொட்டுகிறான். வேலை ஓயாது, பயனும் விளையாது. நெடுநேரம் நீளும் இவ்வூமைக் காட்சி, சிறைக் கொடுமையை எந்தச் சொற்பொழிவினும் ஆழமாகப் பதிய வைக்கிறது. மனிதனின் உழைப்பிலிருந்து பொருளைப் பறித்துவிட்டால் அவன் மனிதன் என்னும் நினைவையே பறித்துவிடலாம் என்பது கொடுங்கோலர் அறிந்த உண்மை.

பின்னர்ச் சிறையறையில் ஒத்திகை நடைபெறுகிறது. ஜான் நல்லாசிரியன் போலக் கதையின் படிகளை வின்ஸ்டனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறான். வின்ஸ்டன் அந்திகோனி வேடம் பூணவேண்டும். பொய்ம்முடியும் பொய் மார்பும் அணிந்த அவனைக் கண்டவுடன் ஜான் விழுந்து விழுந்து சிரிக்கிறான். வின்ஸ்டன் வேடத்தைக் களைந்து எறிகிறான். தான் ஆண்பிள்ளை, பெண்ணாக நின்று நகைப்புக்கு இடமாவதில்லை என்று மறுத்துவிடுகிறான். தெருக்கூத்தில் ஆடவனே திரௌபதியாக வந்து சூளுரைக்க, அவையோர் மெய்ம்மறந்து கேட்பதைக் கண்டு பழகிய நம்மவர்க்கு இவ்விடம் வியப்பளிக்கலாம். நாடகத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. நிறத்தைக் கொண்டு தன்னைத் தாழ்த்திய உலகத்தை எதிர்த்துச் சிறை புகுந்தவன், பெண்மையைத் தாழ்வாக எண்ணும் பழக்கத்தைத் தன் நெஞ்சில் சுமந்தே வந்திருக்கிறான்! அடக்கப்பட்டோர் அனைவரும் அப்பழுக்கற்றோர் என்னும் இனிய பொய்யை நாடகாசிரியர்கள் சொல்லவில்லை.

அடுத்து வருவது இதனினும் கூரியது. ஜானின் பத்தாண்டுத் தண்டனை மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டு, மூன்றே மாதத்தில் அவன் விடுதலை பெறுவான் என்ற செய்தி வருகிறது. வின்ஸ்டனோ வாழ்நாள் கைதி. நண்பனின் விடுதலையை முதலில் தழுவி மகிழ்ந்தவன், பின்பு அதையே சொல்லிச் சொல்லி நண்பனை வதைக்கிறான். கொடுங்கோன்மை மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கும் வகை இதுவே. காவலன் அடித்த அடியைவிட இப்பொறாமை இருவரையும் மிகுதியாகக் காயப்படுத்துகிறது. இறுதியில் வின்ஸ்டன் தன் சிறுமையை வென்று அந்திகோனியாக மேடையேறுகிறான். தீர்ப்புக் கேட்டபின் பொய்ம்முடியைப் பிடுங்கி எறிந்து, தன் சொந்தக் குரலில் பேசுகிறான். முன்பு நாணிய வேடமே அவனுக்குத் தன் முகத்தை மீட்டுத் தருகிறது.

தமிழாசிரியர்க்குச் சிலம்பின் வழக்குரை காதை இங்கே நினைவுக்கு வராமற் போகாது. கண்ணகி பேசினாள், பாண்டியன் கேட்டான், தன் பிழையை உணர்ந்த கணமே உயிர் நீத்தான். கேட்கும் செவியுடைய அரசன் முன் வழக்குரைப்பதே போதுமானதாயிற்று. ‘தீவில்’ அத்தகைய அரசன் இல்லை. அங்கே கிரையோன் வேடத்தில் நிற்பவனும் ஒரு கைதியே. உண்மைக் கிரையோன்கள் அவையில் அமர்ந்து பார்க்கின்றனர். அரசனின் செவி அடைபட்டபோது, கலை அவையோரின் செவியை நாடுகிறது.

குறைகளும் உள. பெண்ணின் பெயரால் வாதிடும் இந்நாடகத்தில் பெண் ஒருத்தியும் மேடைக்கு வருவதில்லை; அனுமதிச் சீட்டுச் சட்டத்தால் அலைக்கழிந்த பெண்டிரின் குரல் இதில் ஒலிக்கவில்லை. இவ்விடைவெளி சிறியதன்று.

நாடகம் சட்டத்தை உடைத்ததா? அவ்வாறு கூறுவது மிகையாகும். 1974ஆம் ஆண்டு இலண்டன் இதனைக் கண்டது; 1975ஆம் ஆண்டு நியூயார்க்கில் இரு நடிகர்களும் சிறந்த நடிகருக்கான டோனி விருதைப் பகிர்ந்து பெற்றனர். ஆயினும் 1976ஆம் ஆண்டு, அவர்களின் மற்றொரு நாடகத்தை நடித்ததற்காக டிரான்ஸ்கை பகுதியில் இருவரும் சிறைவைக்கப்பட்டனர். அயல்நாடுகளில் கண்டனம் எழுந்த பின்பே விடுதலையாயினர். அனுமதிச் சீட்டுச் சட்டம் 1986இல்தான் நீங்கியது; அனைவர்க்கும் வாக்குரிமை 1994இல்தான் வந்தது. மக்கள் போராட்டமே அவற்றைக் கொணர்ந்தது. ஆனால் அதே தீவில் பதினெட்டு ஆண்டுகள் கிடந்த நெல்சன் மண்டேலா, கைதிகள் நடித்த அந்திகோனி நாடகத்தில் தாம் கிரையோன் வேடம் புனைந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். அடக்கப்பட்டவர் அடக்குவோனின் வேடம் பூண்டு, அவன் சொற்களைத் தம் நாவால் சொல்லி அறிந்தார். பின்னாளில் ஆட்சி தம் கைக்கு வருமென்று அன்று எவர் அறிவார்? ஆளப்போவோர் கற்க வேண்டிய பாடம் அது.

பள்ளி விழாக்களில் சாதி, இனம், ஏழ்மை பற்றிய நாடகங்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. தீயவனாக ஒரு முதலாளியும், நல்லவனாக ஓர் ஏழையும், முடிவில் ஒரு முழக்கமும் அவற்றில் வாடிக்கையாக இடம்பெறுகின்றன. ‘தீவு’ வேறொரு வழியைக் காட்டுகிறது. மாணவன் தான் எள்ளி நகைக்கும் ஒருவரின் வேடத்தைத் தானே தரிக்கட்டும். வகுப்பில் எவரைக் கண்டு சிரிப்பு எழுகிறதோ, அந்தச் சிரிப்பிலிருந்தே ஒத்திகை தொடங்கட்டும். பிறர் கொடுமையைச் சுட்டும் விரல் தன் நெஞ்சையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் செய்வதே கலையின் கடமை. அக்கடமையைச் செய்யாத நாடகம், எத்துணை உரத்துப் பேசினாலும், ஒருவன் குழியிலிருந்து மற்றவன் குழிக்கு மணலைக் கொட்டும் வேலையாகவே முடியும்.